ஓய்வு பெற்ற சரக்கு விமானத்தின் உதிரி பாகங்கள்: பிரிட்டோரியாவிலிருந்து கேள்விகளும் பதில்களும்

நான் பிரிட்டோரியாவை ஒட்டிய லாடியத்தில் இருப்பவன். ஜெர்மிஸ்டனில் ஒரு விமானப் பட்டறையின் ஸ்டோரில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். பாகம் வாங்குவது, எண்ணைச் சரிபார்ப்பது, அலமாரியில் ஏற்றுவது, ஃபிட்டர் கையில் கொடுப்பது, இதுதான் என் பிழைப்பு. பக்கத்திலேயே ஸ்வார்ட்கோப் தளமும் விமானப்படை அருங்காட்சியகமும் இருப்பதால், பழைய சரக்கு விமானங்களின் மேல் உள்ள பிரியம் ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. மராபஸ்டாட் மாரியம்மன் கோயிலில் பூசை முடிந்து இலை போடும் நேரத்திலும், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து உறவுக்காரர்கள் போன் செய்யும்போதும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த விமானங்களைப் பற்றிய பேச்சு இது?

முக்கியமாக இரண்டு. ஒன்று டக்ளஸ் சி-47, நாம் எல்லோரும் டக்கோட்டா என்று சொல்வது. இன்னொன்று டிரான்சால் சி-160.

டக்கோட்டாவின் பயணிகள் வடிவமான டிசி-3 முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17 அன்று. இரண்டாம் உலகப் போரில் அது ராணுவச் சரக்கு விமானமாகிப் பத்தாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. தென்னாப்பிரிக்க விமானப்படை 1943 முதல் அதை ஓட்டியது. 1948-49இல் பெர்லினுக்கு வான்வழியாகச் சாமான் கொண்டுபோனபோது, நம் நாட்டு விமானிகளும் பிரிட்டிஷ் டக்கோட்டாக்களில் ஏறிப் பறந்தார்கள்.

டிரான்சால் பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து செய்தது. முதல் பறப்பு 1963 பிப்ரவரி 25. தென்னாப்பிரிக்காவுக்கென்று சி-160இசட் என்ற வகையில் ஒன்பது விமானங்கள் 1969-70இல் வந்தன. அவை 28ஆம் படைப்பிரிவில் இருந்து 1993இல் ஓய்வு பெற்றன. அவற்றில் 337 என்ற எண்ணுள்ளது ஸ்வார்ட்கோப்பில் நிற்கிறது. அதன் இறக்கைக்குக் கீழே போய் நின்று மேலே பாருங்கள். 40 மீட்டர் அகல இறக்கை. புரொப்பெல்லர் ஒன்றின் விட்டமே ஏறக்குறைய ஐந்தரை மீட்டர்.

டக்கோட்டாவுக்கு எண்பது வருடம் கழித்தும் பாகம் கிடைக்கிறது. அதைவிட வயது குறைந்த டிரான்சாலுக்கு ஏன் திண்டாட்டம்?

எண்ணிக்கைதான் காரணம். டிரான்சால் மொத்தம் செய்யப்பட்டதே 214. டக்கோட்டாவோடு ஒப்பிட்டால் ஒரு கைப்பிடி. அதிலும் டக்கோட்டாவின் ஆர்-1830 ட்வின் வாஸ்ப் எஞ்சின் அந்த விமானத்துக்கு மட்டும் உரியதல்ல. லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்திலும் கேட்டலினா கடல் விமானத்திலும் அதே குடும்பத்து எஞ்சின்தான். ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். விமானப் பிஸ்டன் எஞ்சின்களில் இதைவிட அதிகமாகச் செய்யப்பட்டது வேறில்லை. அதனால் பிரேசிலிலோ கனடாவிலோ ஒரு பழைய கிடங்கைத் திறந்தால் இன்றும் சிலிண்டர் கிடைக்க வழி உண்டு.

டிரான்சாலுக்கு இன்னொரு கஷ்டமும் சேர்ந்தது. 1977 நவம்பரில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம் தென்னாப்பிரிக்காவின் மேல் கட்டாய ஆயுதத் தடை விதித்தது. 418ஆம் தீர்மானம். விமானம் வந்து ஏழெட்டு வருடத்திலேயே ஐரோப்பாவிலிருந்து நேராகப் பாகம் வாங்குகிற வழி அடைபட்டது. அந்தத் தடை நியாயமானது. நம் மக்களையும் சேர்த்துத்தான் அன்றைய நிறவெறி அரசு ஒடுக்கியது, அதை நான் மறக்கவில்லை. ஆனால் பாகம் என்று பார்த்தால் அதன் தடம் இன்றும் தெரியும். தடைக்காலத்தில் பல பாகங்களை இங்கேயே செய்துகொண்டார்கள். அதனால் நம் நாட்டுக் கிடங்கிலிருந்து வரும் சாமானில் மூல நிறுவனத்தின் முத்திரை இல்லாத துண்டுகளும் கலந்திருக்கும்.

இப்போது நிலைமை சற்று மாறியிருக்கிறது. ஜெர்மனி 2021 டிசம்பரிலும் பிரான்ஸ் 2022 மே மாதத்திலும் டிரான்சாலை நிறுத்திவிட்டன. ஒரு படை விமானத்தை நிறுத்தும்போது அதன் கிடங்கும் ஒருநாள் காலியாகும். தேவைப்படுகிறவர்கள் இந்தச் சில வருடங்களுக்குள் தேடிவிட வேண்டும். அப்புறம் அது பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

அண்ணா, இறந்துபோன எங்கள் மாமாவின் கராஜில் ஒரு மரப்பெட்டி நிறைய விமானச் சாமான் இருக்கிறது. என்னவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எதையும் துடைக்காதீர்கள். இது எல்லோரும் செய்கிற தப்பு. பளபளப்பாக்கிக் காட்டலாம் என்று கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். மஞ்சள் மையில் வட்டமாக அடித்திருந்த பரிசோதகர் முத்திரை அதோடு போய்விடும். அந்த முத்திரை போனால் பாகத்தின் ஜாதகம் பாதி போன மாதிரி.

பிறகு எண்ணைத் தேடுங்கள். பெட்டியிலோ உறையிலோ 13 இலக்க எண் ஒன்று, நான்கு, இரண்டு, மூன்று, நான்கு என்று கோடு போட்டுப் பிரித்திருந்தால் அது நேட்டோ இருப்பு எண். படிக்கத் தெரிந்தால் அது பாதிக் கதையைச் சொல்லிவிடும். முதல் நான்கு இலக்கம் சாமானின் வகை. 1560 என்றால் விமான உடலின் கட்டமைப்புத் துண்டு. 1610 புரொப்பெல்லர். 1630 சக்கரமும் பிரேக்கும். 2810 பிஸ்டன் எஞ்சின் சாமான், 2840 டர்பைன் எஞ்சின் சாமான். 5330 என்றால் சீல், கேஸ்கட் வகையறா. அடுத்த இரண்டு இலக்கம் எந்த நாடு அந்த எண்ணைக் கொடுத்தது என்பது. 00, 01 இரண்டும் அமெரிக்கா, 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ், 99 பிரிட்டன். நம் தென்னாப்பிரிக்காவுக்கு 18.

ஆகவே 1560 என்று தொடங்கி, அடுத்து 14 வந்தால், டிரான்சாலின் உடல் துண்டாக இருக்க வாய்ப்பு உண்டு என்று காதைத் தீட்டிக்கொள்ளலாம். ஆனால் முடிவு கட்டக் கூடாது. பிரான்ஸ் எத்தனையோ விமானம் செய்த நாடு.

உலகப் போர்க் காலத்து டக்கோட்டா சாமானில் இந்த 13 இலக்கம் இருக்காது. அந்த முறை வருவதற்கு முந்தைய சரக்கு அது. அதில் டக்ளஸ் நிறுவனத்தின் வரைபட எண் உலோகத்திலேயே குத்தியோ மையால் அடித்தோ இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடிக்கிற வெளிச்சத்தில் தெரியாத எழுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் எழும்பி நிற்கும்.

எண்ணே இல்லாத நட்டு, போல்ட் என்றால்?

போல்ட் தலையைப் பாருங்கள். ஏ.என். என்ற அமெரிக்கப் படைத் தரத்துப் போல்ட்டில் பெருக்கல் குறியோ நட்சத்திரமோ இருந்தால் கலவை எஃகு. இரண்டு சிறு கோடு இருந்தால் அலுமினியம். ஒற்றைக் கோடு என்றால் துருப்பிடிக்காத எஃகு. தலை மொட்டையாக இருந்தால் அது ஹார்டுவேர் கடைச் சரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேலி கட்ட உதவும், விமானத்துக்கு ஆகாது.

அளவும் எளிதுதான். ஏ.என். 4 என்றால் பதினாறில் நான்கு, அதாவது கால் அங்குலத் தடிமன். ஏ.என். 5 என்றால் பதினாறில் ஐந்து அங்குலம். டக்கோட்டா முழுக்க அங்குலக் கணக்கு. டிரான்சாலின் உடலோ மில்லிமீட்டர் கணக்கு. இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 8 மில்லிமீட்டர் போல்ட்டும் பதினாறில் ஐந்து அங்குலப் போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். மரை மட்டும் சேராது. இரண்டு சுற்று போகும், மூன்றாவதில் இறுகும். ‘துருவாக இருக்கும்’ என்று நினைத்து முறுக்கினால் மரை நாசம்.

‘புதிய சரக்கு, பெட்டி பிரிக்கவே இல்லை’ என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பாகத்தைப் பொறுத்தது. எஃகு, அலுமினியம் என்றால் நன்றாகப் பொதிந்து வைத்தது நாற்பது வருடம் கழித்தும் நன்றாக இருக்கலாம். ரப்பர் என்றால் பெட்டி பிரிக்காதது ஒரு பெருமையே அல்ல. ரப்பர் உறைக்குள் இருந்தாலும் வயதாகும்.

சீல் உறையில் க்யூர் தேதி இருக்கும். அந்த ரப்பர் எப்போது வெந்து உருவானது என்பது அது. 3க்யூ85 என்று இருந்தால் 1985இன் மூன்றாவது காலாண்டு. நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குக்குப் பொதுவாக 15 வருடம்தான் அலமாரி ஆயுள். அதற்கு மேல் போனதை விமானத்தில் போடக் கூடாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வியாபாரியிடம் ஒரு பெட்டி ஓ-ரிங் வாங்கினேன். உறை புதிதாக மின்னியது. தேதியும் சரியாக இருந்தது. எங்கள் தலைமை ஃபிட்டர், சாட்ஸ்வர்த்தில் பிறந்த மனிதர், ஒன்றை எடுத்து விரலில் மாட்டி இழுத்து, ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தார். வளைவின் வெளிப்பக்கத்தில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. “உறைதான் புதுசு தம்பி, உள்ளே இருக்கிறது தாத்தா” என்றார். யாரோ பழைய சரக்கைப் புது உறையில் போட்டுப் புதுத் தேதி ஒட்டியிருக்கிறார்கள். பெட்டி மொத்தத்தையும் வெட்டிப் போட்டோம், வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது என்று. அன்று முதல் எந்த உறையாக இருந்தாலும் ஒன்றைப் பிரித்து இழுத்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

ஒரே அளவு ஓ-ரிங்தானே, எதைப் போட்டால் என்ன?

கூடவே கூடாது. பழைய ராணுவ விமானங்களில் பெரும்பாலும் சிவப்பு நிற ஹைட்ராலிக் எண்ணெய், கனிம எண்ணெய் வகை. அதற்கு நைட்ரைல் சீல். பெரிய பயணிகள் விமானங்களில் ஊதா நிற எண்ணெய் ஓடும், அது பாஸ்பேட் எஸ்டர். அதற்கு வேறு ரப்பர். மாற்றிப் போட்டால் ரப்பர் உப்பும், கூழாகும், சிலிண்டருக்குள் சிக்கிக்கொள்ளும். சக்கரம் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காது. உறையில் எந்த எண்ணெய்க்கு என்று எழுதாத சீலைத் தொடாதீர்கள்.

காகிதம், காகிதம் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம்? பாகம் நன்றாக இருந்தால் போதாதா?

போதாது. நம் வீடுகளில் பெண் பார்க்கப் போகும்போது ஜாதகம் கேட்கிறோம், ஊர் விசாரிக்கிறோம். பாகத்துக்கும் அதே விசாரணைதான். எங்கே பிறந்தது, எந்த விமானத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது, யார் கழற்றினார், எதற்காகக் கழற்றினார்? திரும்பத் திரும்பச் சுமை தாங்கி உலோகம் பலவீனமாவதை உலோகக் களைப்பு என்பார்கள், அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு இறக்கைப் பொருத்து நூறு மணி நேரம் ஓடியதா, இருபதாயிரம் மணி நேரம் ஓடியதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

பறக்கிற டக்கோட்டாவுக்கு வாங்குவதென்றால் அமெரிக்க விமானப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் 8130-3 சான்றுச் சீட்டோ ஐரோப்பாவின் அதே மாதிரி அமைப்பான ஈ.ஏ.எஸ்.ஏ.வின் ஃபார்ம் 1 சீட்டோ பாகத்தோடு வர வேண்டும். சீட்டில் இருக்கிற எண்ணும் பாகத்தில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று நீங்களே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு பாகம். எண்ணின் கடைசியில் வருகிற ஒற்றை எழுத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பல சமயம் அது வடிவமைப்பு திருத்தப்பட்டதைக் காட்டும்.

படைக் கிடங்கின் சீட்டு மட்டும் இருந்தால் அது சிவில் விமான விதிக்குத் தானாக ஒத்துவராது. மிட்ராண்டில் இருக்கும் நம் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி, அனுமதி பெற்ற பட்டறை ஒன்று சோதித்துச் சான்று கொடுக்க வேண்டும்.

அருங்காட்சியகத்தில் நிற்கிற விமானத்துக்கு என்றால் இவ்வளவு தேவையில்லை. ஆனால் ‘காட்சிக்கு மட்டும்’ என்று அழியாத பெயிண்டில் பாகத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். இருபது வருடம் கழித்து அதை யார் எடுத்து எங்கே மாட்டுவார்கள் என்று நமக்குத் தெரியாது.

ஆர்-1830 எஞ்சின் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்ப்பது?

14 சிலிண்டர், ஏழு ஏழாக இரண்டு வரிசை. 30 லிட்டர் கொள்ளளவு. டக்கோட்டாவில் அதன் பலம் 1,200 குதிரைச் சக்தி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், ஆக 28.

முதலில் அந்த பிளக் துளைகளைப் பாருங்கள். அக்கறையோடு சேமித்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஈரம் உறிஞ்சும் மணி நிரப்பிய கண்ணாடி மாதிரிப் பிளக்கை மாட்டியிருப்பார்கள். மணி நீலமாக இருந்தால் உள்ளே உலர்வு. இளஞ்சிவப்பாகியிருந்தால் ஈரம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். வெறும் துளையாகத் திறந்து கிடந்தால் பாதி விலைக்கும் கீழே பேசுங்கள்.

அடுத்து, கீழே இருக்கிற சிலிண்டர்கள். சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த எஞ்சினில் எண்ணெய் கீழே இறங்கித் தேங்கும். அது தெரியாமல் ஸ்டார்ட்டரால் சுற்றினால் பிஸ்டன் எண்ணெயை அழுத்தப் பார்க்கும், எண்ணெய் அழுங்காது, கனெக்டிங் ராடு வளையும். அதனால்தான் பழைய ஆட்கள் கிளப்புவதற்கு முன்பு புரொப்பெல்லரைக் கையால் தள்ளிச் சுற்றுவார்கள். விற்கிறவர் ‘போன மாதம்கூடச் சுற்றிப் பார்த்தோம்’ என்றால், கையாலா மோட்டாராலா என்று கேளுங்கள்.

அப்புறம் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றச் சொல்லுங்கள். வெள்ளைத் துணியில் தட்டி, மேலே காந்தத்தை ஓட்டுங்கள். காந்தத்தில் செதில் ஒட்டினால் கியரோ ரிங்கோ தேய்கிறது. ஒட்டாமல் மின்னுகிற துகள் இருந்தால் பேரிங்கை நினைத்துக் கவலைப்பட வேண்டும். இந்தச் சோதனைக்கு மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

நம் நாட்டில் இந்த எஞ்சின்கள் வெளியே வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. படை தன் டக்கோட்டாக்களில் பலவற்றுக்குப் பிஸ்டன் எஞ்சினை எடுத்துவிட்டு பி.டி.6 டர்பைன் பொருத்தி, உடலையும் சற்று நீட்டி, சி-47டிபி என்று ஆக்கியது. டர்பைன் டக்கோட்டாவின் இறக்கையும் வாலும் அடிப்படையில் பழையதுதான். எஞ்சின் கூடும் அதன் முன்பக்கமும் வேறு. அவற்றைப் பிஸ்டன் விமானத்துக்கு என்று வாங்கி ஏமாறாதீர்கள்.

புரொப்பெல்லர் அலகு, அதாவது இலை, வாங்குவதென்றால்?

அளந்து வாங்குங்கள். கல் பட்ட பள்ளத்தை ஒவ்வொரு தடவையும் அரம் போட்டு மழித்திருப்பார்கள். மழிக்க மழிக்க அலகு மெலியும். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனது சுவரில் மாட்டத்தான்.

டிரான்சாலின் டைன் எஞ்சின் கப்பலிலும் ஓடியதாமே? அந்தப் பாகத்தைப் போடலாமா?

உண்மைதான். ரோல்ஸ்-ராய்ஸ் டைன் எஞ்சினின் கப்பல் வடிவம் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் ஓடியது. உள்ளே ஒத்த பாகங்கள் உண்டு. ஆனால் உப்புக் காற்றில் ஓடிய துண்டு, வேறு கணக்கில் பதிவான மணி நேரம். பறக்கிற விமானத்துக்கு ஆகாது.

தாத்தா வைத்திருந்த பழைய விமானக் கடிகாரமும் அளவுமானிகளும் இருக்கின்றன. பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பரவாயில்லையா?

இன்றே வாங்கி வையுங்கள். போர்க் காலத்து அளவுமானிகளின் முள்ளிலும் எண்ணிலும் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பெயிண்ட் பூசினார்கள். இப்போது ஒளிரவில்லை, அதனால் ஆபத்தில்லை என்று நினைப்பார்கள். ஒளிர்கிற பூச்சுதான் களைத்துப்போனது. ரேடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 1,600 வருடம். எண்பது வருடத்தில் அது பெரிதாக எதுவும் களைக்கவில்லை.

கண்ணாடி உடையாமல் மூடியே இருந்தால் தூரமாக ஒரு டப்பாவில் வைக்கலாம். திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். பூச்சு உதிர்ந்து தூளாகி மூச்சோடு உள்ளே போவதுதான் பெரிய கெடுதல். கண்ணாடி உடைந்தது இருந்தால் பிளாஸ்டிக் பையில் இறுக்கமாகக் கட்டி வைத்துவிட்டு, கதிரியக்க அளவுக் கருவி உள்ளவர்களைக் கூப்பிடுங்கள்.

இதோடு இன்னொன்று. சில சக்கரங்களும் எஞ்சின் உறைகளும் மக்னீசியக் கலவை. அவற்றை கிரைண்டரில் பிடித்தால் தூள் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாக எரியும்.

டர்பனில் வைப்பதா, பிரிட்டோரியாவுக்கு அனுப்புவதா?

முடிந்தால் இங்கே அனுப்புங்கள். டர்பன் காற்றில் கடலின் உப்பும் ஈரமும் உண்டு. அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்க ஒரு மழைக்காலம் போதும். பிரிட்டோரியா 1,300 மீட்டர் உயரம், குளிர்காலம் முழுக்க வறட்சி. அங்கேயே வைத்தாக வேண்டும் என்றால் தரையில் வைக்காதீர்கள். சிமெண்ட் தரை ஈரத்தை மேலே அனுப்பும். எண்ணெய்த் தாளில் சுற்றி, மரப் பலகைமேல், காற்றோட்டமான இடத்தில். செய்தித்தாளில் சுற்றவே வேண்டாம், அது ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

சென்னையில் இருக்கும் மைத்துனர் ஒரு பாகத்தைக் கேட்கிறார். பார்சலில் அனுப்பலாமா?

கேட்காமல் அனுப்பாதீர்கள். ராணுவச் சாமான் வெளிநாடு போவதை 2002ஆம் ஆண்டின் 41ஆம் எண் சட்டத்தின்கீழ் தேசிய மரபுவழி ஆயுதக் கட்டுப்பாட்டுக் குழு கவனிக்கிறது. உங்களுக்கு அது வெறும் அளவுமானி. பட்டியலில் அது என்னவாக இருக்கிறது என்பதுதான் கணக்கு. அமெரிக்கத் தயாரிப்பு என்றால் அந்த நாட்டின் ஏற்றுமதி விதியும் சேர்ந்து வரலாம். பாகத்தின் எண்ணையும் படத்தையும் கொடுத்து, அனுமதி தேவையா இல்லையா என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பெட்டியை ஒட்டுங்கள். வாங்கும்போதும் அப்படித்தான். படையின் கழிவுச் சாமான் முறையாக வெளியே வருவது அரசின் ஆயுதக் கொள்முதல் நிறுவனமான ஆர்ம்ஸ்கோர் வழியாக. அந்த விற்பனைச் சீட்டு இல்லாத சாமானை யார் மலிவாகக் கொடுத்தாலும் கை நீட்டாதீர்கள்.

என்ன விலை கேட்கலாம்?

நிலையான விலை கிடையாது. சீட்டு உள்ளதற்கும் இல்லாததற்கும் பத்து மடங்கு வித்தியாசம் பார்த்திருக்கிறேன்.

ஒரு முழு விமானத்தின் முன்பகுதியை வெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா, அல்லது எங்களிடம் இருப்பதை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?

வெட்டுவதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். ஒரு மூக்கை வரவேற்பறையில் வைப்பதற்காக, இன்னொரு விமானத்துக்கு உயிர் கொடுத்திருக்கக்கூடிய இறக்கைப் பொருத்துகளையும் கட்டுப்பாட்டுக் கம்பிகளையும் ரம்பத்தால் அறுத்துவிடுகிறார்கள். கழற்றுவது வேறு. ரிவெட் ரிவெட்டாக, போல்ட் போல்ட்டாகக் கழற்றி, ஒவ்வொன்றிலும் டேக் கட்டினால் அது நூறு பாகம். அறுத்தால் இரண்டு துண்டுக் குப்பை.

அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது நல்லது. ஆனால் மூட்டையாகக் கொண்டுபோய் வாசலில் இறக்காதீர்கள். அங்கே வேலை செய்கிறவர்களில் பலர் தன்னார்வலர்கள். பெட்டியைத் திறந்து பிரித்து எழுதவே அவர்களுக்கு மாதக் கணக்காகும். ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு படம் எடுங்கள், ஒன்று முழுசாக, ஒன்று எண் தெரிகிற மாதிரி. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். மாமா எந்தத் தளத்தில் எந்த வருடங்களில் வேலை பார்த்தார், பெட்டி எப்படி வீட்டுக்கு வந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். வீட்டில் ஆயா (பாட்டி) இருந்தால் அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். பெட்டி வந்த நாள் அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். அந்தத் தாளை உறையில் போட்டுப் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் ஒட்டிவிட்டுப் பிறகு போன் செய்யுங்கள்.